ரப்பர் உறைக்குள் ஒரு மூட்டு

பழைய பி.எம்.டபிள்யூ. பாக்ஸர் மோட்டார் சைக்கிள் ஒன்று விற்பனைக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1970களில் பெர்லினின் ஷ்பாண்டாவ் தொழிற்சாலையிலிருந்து வந்தது. பார்க்க வருகிறவர்களின் கண் முதலில் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் சிலிண்டர்களுக்குப் போகும். கொஞ்சம் ரசனை உள்ளவர் டேங்கின் ஓரத்தில் தூரிகையால் இழுத்த மெல்லிய கோட்டைக் கவனிப்பார். விவரம் தெரிந்தவர் இதையெல்லாம் பாராட்டிவிட்டு, வண்டியின் வலப்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கியர்பாக்ஸும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மும் சந்திக்கிற இடத்தில் டார்ச் அடிப்பார். அங்கே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை தெரியும். அதன் அடிப்பக்கத்தை விரலால் தடவுவார். விரல் ஈரமாக வந்தால் விலையைக் குறைத்துப் பேச ஒரு பிடி கிடைத்துவிட்டது. ஆனால் அவருடைய உண்மையான கவலை அந்த உறைக்குள் இருக்கும் யூனிவர்சல் ஜாயின்ட்தான்.

நம் ஊர் பைக்குகள் ஏறக்குறைய எல்லாமே செயினில் ஓடுபவை. அதனால் இரு சக்கர வண்டியில் இந்த உறுப்பைப் பார்த்தவர்கள் குறைவு. லாரிக்கு அடியில் எல்லோரும் பார்த்திருப்போம். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகிற நீளக் குழாயின் முனையில் இரண்டு கவைகள் ஒன்றையொன்று குறுக்காகக் கவ்விக்கொண்டு சுற்றுமே, அதுதான். பட்டறையில் கிராஸ் ஜாயின்ட் என்பார்கள். இரண்டு கவை, அவற்றுக்கு நடுவில் கூட்டல் குறி வடிவில் ஓர் எஃகுத் துண்டு, அந்தக் கிராஸின் நான்கு கால்களுக்கும் நான்கு கப், ஒவ்வொரு கப்புக்குள்ளும் சுவரை ஒட்டி நிற்கும் ஊசி போன்ற உருளைகளான நீடில்கள். பாகங்கள் அவ்வளவுதான். இரண்டு தண்டுகள் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் மடங்கி நின்றாலும் ஒன்றின் சுழற்சியை மற்றொன்றுக்கு இது கடத்திவிடும். பின் சக்கரம் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏற, ஸ்விங் ஆர்ம் மேலும் கீழும் ஆட, அதற்குள் ஓடும் டிரைவ் ஷாஃப்ட் உடையாமல் இருப்பது இந்த மூட்டின் தயவு.

எந்திர உறுப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். காரணம், பிறவியிலேயே இதற்கு ஒரு குறை இருக்கிறது. அந்தக் குறையோடு எப்படி வாழ்வது என்று பொறியாளர்கள் ஒரு பக்கமும் மெக்கானிக்குகள் ஒரு பக்கமும் கற்றுக்கொண்ட கதைதான் ஷாஃப்ட் டிரைவின் கதை. அதில் மெக்கானிக்குகளின் பங்கை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

மூட்டின் பெயர் ஐரோப்பாவில் ஜெரோலமோ கார்டானோ என்ற இத்தாலியக் கணிதரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் 16ஆம் நூற்றாண்டுக்காரர். அடுத்த நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் இங்கிலாந்தில் இதைத் தன் வானியல் கருவிகளுக்காக எடுத்தாண்டு, 1676இல் விவரித்து எழுதினார். கார்களுக்குள் இது ஒழுங்காக வந்து உட்கார்ந்தது அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஸ்பைசர் 1904இல் தயாரிக்கத் தொடங்கிய பிறகு. மோட்டார் சைக்கிளில் ஷாஃப்ட் வைத்தவர்களில் பெல்ஜியத்தின் எஃப்.என். முன்னோடி. அதன் நான்கு சிலிண்டர் வண்டி 1905இலேயே செயின் இல்லாமல் ஓடியது.

இனி அந்தக் குறை. உள்ளே வருகிற சுழற்சி எவ்வளவு சீராக இருந்தாலும், மூட்டு மடங்கி நிற்கும்போது வெளியே போகிற சுழற்சி சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். மடிப்புக் கோணம் 5 டிகிரி என்றால் இந்த ஏற்றத்தாழ்வு அரை சதவீதம்கூட இல்லை. 10 டிகிரி ஆனால் ஒன்றரை சதவீதம். 20 டிகிரிக்குப் போனால் ஆறு சதவீதத்தைத் தாண்டிவிடும். கோணம் இரண்டு மடங்கானால் தொல்லை நான்கு மடங்காகும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். மருந்தும் உண்டு. ஷாஃப்டின் மறுமுனையில் இன்னொரு மூட்டை, அதே கோணத்தில், கவைகள் ஒரே தளத்தில் வரும்படி வைத்தால் முதலாவது செய்த குளறுபடியை இரண்டாவது சரி செய்துவிடும். லாரியில் இரண்டு முனையிலும் மூட்டு இருப்பதன் ரகசியம் இதுதான்.

பி.எம்.டபிள்யூ. வெகுகாலம் ஒரே மூட்டில்தான் காலம் தள்ளியது. 1923இல் வந்த முதல் வண்டியான ஆர்32இல் யூனிவர்சல் ஜாயின்டே கிடையாது. பின்னால் சஸ்பென்ஷன் இல்லை, அசைய எதுவும் இல்லை, ஆகவே அதிர்ச்சி தாங்க ஒரு ரப்பர் வட்டு போதுமானதாக இருந்தது. 1938இல் பின் சக்கரத்துக்கு பிளஞ்சர் சஸ்பென்ஷன் வந்தபோது மூட்டு தேவைப்பட்டது. அதைச் சக்கரத்தின் பக்கம், வெளியே வைத்தார்கள். 1955இல் ஆர்50, ஆர்69 வண்டிகளில் ஸ்விங் ஆர்ம் வந்தது. அப்போது மூட்டை முன்னால் கொண்டுவந்து, ஸ்விங் ஆர்ம் எந்த அச்சில் ஆடுகிறதோ அதே இடத்தில் பொருத்தி, ஷாஃப்ட் முழுவதையும் ஸ்விங் ஆர்மின் வலது குழாய்க்குள் விட்டு, அதற்குள் எண்ணெயும் ஊற்றிவிட்டார்கள். வெளியே தெரிவது ரப்பர் உறை மட்டும். அந்த ஏற்பாடு இரட்டை ஷாக் அப்சார்பர் பாக்ஸர்களில் 1980களின் நடுப்பகுதி வரை பெரிய மாற்றம் இல்லாமல் நீடித்தது. என் ரசனைக்கு இதுதான் இந்த மூட்டின் பொற்காலம்.

எண்ணெயின் அளவைக் கேட்டால் சிரிப்பு வரும். மாடலைப் பொறுத்து 100 முதல் 150 மில்லி. கியர் ஆயில், 80டபிள்யூ-90 ஹைப்பாய்ட் வகை, கந்தக வாடை அடிக்கும். எஞ்சினுக்கு லிட்டர் கணக்கில் வாங்கி ஊற்றும் உரிமையாளர்கள் பலர் இந்தச் சின்ன அளவை மறந்துபோவார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. 150 மில்லி ஊற்றிய குழாயிலிருந்து வடிக்கும்போது 250 மில்லி வந்தால் சந்தோஷப்படக் கூடாது. கியர்பாக்ஸின் வெளி முனை ஆயில் சீல் தேய்ந்து, அங்கிருக்கும் எண்ணெய் இங்கே இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் கூடினால் இன்னொரு பக்கம் குறைகிறது என்பதால், நல்ல மெக்கானிக் இரண்டையும் ஒரே நாளில் தனித்தனிப் பாத்திரத்தில் வடித்து, அளந்து பார்க்காமல் கீழே கொட்ட மாட்டார். அளந்த பிறகு ஒரு காந்தத்தால் எண்ணெயைத் துழாவுவார். மாவு போன்ற சாம்பல் படிவு வந்தால் சகஜம். விரலில் நெருடும் துணுக்கு வந்தால் வேலை இருக்கிறது.

வேலையின் அழகு போல்ட்டுகளில் தொடங்குகிறது. ரப்பர் உறையின் இரண்டு கிளாம்ப்களையும் தளர்த்தி உறையைப் பின்னுக்குத் தள்ளினால், கியர்பாக்ஸின் வெளித் தட்டோடு மூட்டைப் பிணைக்கும் நான்கு போல்ட்டுகள் தெரியும். நான்கும் ஒன்றாகத் தெரியாது. இடைவெளியில் ஒரு போல்ட் முகம் காட்டும். கியரை நியூட்ரலில் போட்டுச் சக்கரத்தைக் கையால் உருட்டினால் அடுத்தது வரும். ஒவ்வொன்றையும் திறக்கும்போது பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்க ஒருவர் வேண்டும், அல்லது பெடலை ஒரு பட்டையால் கட்டி வைக்க வேண்டும். போல்ட்டின் தலை பன்னிரண்டு முனை கொண்டது. சாக்கெட் நேராக நுழைய இடம் இல்லை. வளைந்த ரிங் ஸ்பேனர்தான் போகும், அதுவும் முழுதாக உட்கார்ந்ததா என்று கண்ணால் பார்க்க முடியாது. நுனிவிரல்தான் சொல்ல வேண்டும். அரைகுறையாக உட்கார்ந்த ஸ்பேனரை இழுத்தால் தலை மழுங்கிவிடும். அதன்பின் அந்த இடுக்கில் என்ன செய்வது என்பது தனிக் கட்டுரை.

திரும்ப மாட்டும்போது இறுக்க வேண்டிய அளவு சுமார் 40 நியூட்டன் மீட்டர். சாக்கெட் நுழையாத இடத்தில் டார்க் ரெஞ்சை எப்படிப் போடுவது? ரெஞ்சின் முனையில் ஒரு நீட்டிப்புத் துண்டை மாட்டி, அதன் மறுமுனையால் போல்ட்டைப் பிடிக்க வேண்டும். நீட்டிப்பை நேராக வைத்தால் நெம்புகோலின் நீளம் கூடி, காட்டும் கணக்கு பொய்யாகிவிடும். அதனால் அதை ரெஞ்சுக்குச் செங்கோணமாகத் திருப்பி வைப்பார்கள். அப்படி வைத்தால் கணக்கு கிட்டத்தட்ட மாறாது. வடிவியல் வகுப்பில் கொட்டாவி விட்டவர்கள்கூட இந்தத் தந்திரத்தைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்வதைப் பார்க்கலாம்.

போல்ட் வாங்குவதிலும் கவனம் வேண்டும். ஆரம்ப கால வண்டிகளில் போல்ட் தலைக்கடியில் லாக் வாஷர் இருந்தது, போல்ட்டும் அதற்கேற்ப நீளம். பின்னர் வாஷரை எடுத்துவிட்டுக் குட்டையான போல்ட் கொடுத்தார்கள். நீளமானதை வாஷர் இல்லாமல் போட்டால் அதன் நுனி மறுபக்கம் துருத்தி, சுற்றும்போது கியர்பாக்ஸ் உடலை உரசும். கொஞ்சமாகத்தான் நீளம் கூடுதல், ஆனால் அலுமினியத்தை எஃகு கிழிக்க அது போதும். திருகு மரையை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் போல்ட் மாட்டுவதே மரபு. கையில் இருப்பதே நன்றாகத்தானே இருக்கிறது என்று கஞ்சத்தனம் பார்க்கிற இடம் இது இல்லை.

மூட்டைச் சோதிப்பதற்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவும். சக்கரம், அதைச் சுழற்றும் கிரவுன் பினியன் பெட்டி எல்லாம் கழன்று, ஸ்விங் ஆர்ம் பின்னுக்கு வந்துவிட்டால், அதன் முன் வாயில் மூட்டு கைக்கு எட்டும்படி தொங்கும். அதை விரலால் பிடித்து முதலில் இடவலமாக, பிறகு மேல்கீழாக மடக்கிப் பார்க்க வேண்டும். வேகமாக ஆட்டிப் பார்த்து ஃப்ரீயாக இருக்கிறது என்று திருப்திப்படுகிறவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. தேனுக்குள் கரண்டியை நகர்த்துவது போன்ற கனத்தோடு, வழி நெடுக ஒரே சீராக, அது நகர வேண்டும். கடைசி எல்லை வரை மடக்கத் தேவையே இல்லை. முக்கியமான இடம் நடு. மூட்டு நேராக வருகிற அந்தச் சில டிகிரிகளை மிக மெதுவாகக் கடக்க வேண்டும். அங்கே சின்னதாக ஒரு பள்ளத்தில் விழுந்து எழுவது விரலுக்குத் தெரிந்தால் மூட்டின் காலம் முடிந்துவிட்டது.

நடுவில் மட்டும் ஏன் பள்ளம்? நீடில் பேரிங் என்றாலும் இந்த நீடில்கள் முழுச் சுற்று உருள்வதில்லை. மூட்டு 5 டிகிரி மடங்கி நின்றால் கிராஸின் ஒவ்வொரு காலும் தன் கப்புக்குள் அந்தச் சில டிகிரிக்குள்ளேயே முன்னும் பின்னும் ஆடும். நீடில் கொஞ்சம் உருண்டு திரும்ப வந்த இடத்துக்கே வரும். ஆர்75/5 வண்டி மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது டிரைவ் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,600 சுற்று சுற்றுகிறது. ஒரு மணி நேரப் பயணத்தில் ஒவ்வொரு நீடிலும் அதே இடத்தில் ஒன்றரை லட்சம் முறை போய்த் திரும்புகிறது. எஞ்சினின் உதைப்பு வேறு. எண்ணெயோ கிரீஸோ விலகிப்போனால் நீடில்கள் தங்கள் அச்சைக் கிராஸின் காலில் பதித்துவிடும். நீடிலுக்கு ஒரு கோடு என்று வரிசையாக விழுந்த அந்தத் தழும்புகளைக் கழற்றிய கிராஸில் பார்க்கலாம். நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு கோட்டிலும் தட்டும்.

இதனால்தான், மூட்டு முற்றிலும் நேராக ஓடுவது நல்லது என்று நினைப்பது தவறு. மடிப்பே இல்லாவிட்டால் நீடில் நகராது, நகராத இடத்தில் கிரீஸ் புதுப்பிக்கப்படாது, அதிர்வு மட்டும் அதே புள்ளியில் குத்திக்கொண்டிருக்கும். ஓரிரு டிகிரி மடிப்பு மூட்டுக்கு ஆரோக்கியம்.

கையில் கிடைக்கும் மற்ற செய்திகளையும் சொல்லிவிடலாம். ஒரு திசையில் லேசாகவும் மறு திசையில் இறுக்கமாகவும் இருந்தால், இறுக்கமான ஜோடிக் கப்புகள் காய்ந்துபோயிருக்கின்றன. மடக்காமல் இழுத்துத் தள்ளிப் பார்க்கும்போது துளி ஆட்டம் இருந்தாலும் போயிற்று. கப்பின் விளிம்பைச் சுற்றிச் செங்காவிப் பொடி படிந்திருந்தால் உள்ளே எஃகு எஃகை அரைத்து, அந்தத் தூள் துருவாகி வெளியே வருகிறது. எண்ணெயில் முழுகாத மூட்டுகளில் இந்தக் காவி நிறத்தைத் தேடுவது கழற்றாமலே செய்யக்கூடிய சோதனை. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டுக் கியரில் வைத்துச் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கும் வழக்கமும் இருக்கிறது. அதில் தெரிகிற ஆட்டத்தில் கியர் பற்களின் இடைவெளியும் ஷாஃப்டின் பற்களான ஸ்பிளைன்களின் தேய்மானமும் கலந்திருக்கும். அதை மட்டும் வைத்து மூட்டைக் குற்றம் சொல்லக் கூடாது.

திரும்ப மாட்டும்போது ஸ்விங் ஆர்மை ஃபிரேமுக்கு நடுவில் நிறுத்துவது இன்னொரு கலை. இரு பக்கமும் உள்ள பிவட் பின்களைத் திருகி, ஸ்விங் ஆர்முக்கும் ஃபிரேமுக்கும் இடையில் இடது இடைவெளியும் வலது இடைவெளியும் ஒன்றாக வரும்வரை மாறி மாறித் தளர்த்தி இறுக்க வேண்டும். டிரில் பிட்டின் வழுவழுப்பான தண்டை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நுழைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அந்தப் பின்களைப் பூட்டும் 27 மில்லிமீட்டர் நட், ஃபிரேமின் குழிக்குள் ஆழத்தில் இருக்கிறது. கடையில் வாங்கிய சாக்கெட்டின் சுவர் தடிமனாக இருப்பதால் குழிக்குள் நுழையாது. லேத்தில் கொடுத்து வெளிப்புறத்தைச் சுற்றிச் சீவி மெல்லியதாக்கிக்கொள்வார்கள். பழைய பாக்ஸர் வைத்திருப்பவர் வீட்டுக் கருவிப் பெட்டியில், வெளிப்புறம் லேத்தில் கடைந்து பளபளக்கும் ஒற்றை 27 சாக்கெட் இருந்தால், அவர் ஒருமுறையாவது இவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

ரப்பர் உறையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. விளிம்பு காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும், கிளாம்பை அளவுக்கு மேல் இறுக்கினால் ரப்பரை அறுத்துவிடும்.

இவ்வளவு பாடுபட வேண்டுமா, ஷாஃப்ட் டிரைவ் என்றால் பராமரிப்பே கிடையாதே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விற்பனையாளர்கள் சொல்லிச் சொல்லிப் பரவிய வார்த்தை அது. செயின், அழுக்கையும் தேய்மானத்தையும் நம் கண்ணெதிரே காட்டிக்கொண்டிருக்கும். ஷாஃப்ட் மறைத்து வைக்கும். கேட்பது அரிது, ஆனால் கேட்கும்போது அரை நாளைக் கேட்கும். எனக்கு அந்தப் பேரம் பிடித்திருக்கிறது.

மூட்டின் கதையில் திருப்பம் 1987இல் வந்தது. ஷாஃப்ட் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் பின்புறம் மேலே எழும்பும், விட்டால் தாழும். ஜெர்மானியர்களே தங்கள் பி.எம்.டபிள்யூ.வை ரப்பர் பசு என்று கேலி செய்வார்கள். மேடு பள்ளத்துக்காகச் சஸ்பென்ஷனின் வீச்சைக் கூட்டிய ஜி.எஸ். வண்டிகளில் இந்த ஆட்டமும் கூடியது, மூட்டின் மடிப்புக் கோணமும் கூடியது. தீர்வாக ஆர்100ஜி.எஸ்.ஸில் பாராலீவர் என்ற அமைப்பைக் கொண்டுவந்தார்கள். சக்கரத்துக்கு அருகிலும் ஒரு மூட்டு, கிரவுன் பினியன் பெட்டியைப் பிடித்துவைக்கக் கீழே ஒரு தண்டு. பசுவின் குதிப்பு அடங்கிவிட்டது. இரண்டு மூட்டு இருப்பதால் ஒன்றின் குளறுபடியை இன்னொன்று திருத்தவும் வழி பிறந்தது. பொறியியலாகப் பார்த்தால் இது முந்தையதைவிட உயர்ந்த யோசனை. அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் அதே வேகத்தில் எண்ணெயை எடுத்துவிட்டார்கள். ஷாஃப்ட் உலர்ந்த குழாய்க்குள் ஓடியது. மூட்டுகளுக்குள் தொழிற்சாலையில் வைத்த கிரீஸ்தான் கடைசி கிரீஸ். வெளியிலிருந்து கிரீஸ் அடிக்க நிப்பிள் கிடையாது. கப்பைப் பிடிக்கச் சர்க்ளிப் கிடையாது. கவையின் உலோகத்தையே உளியால் குத்தியது போல நாலைந்து இடங்களில் நசுக்கி, கப் வெளியே வராதபடி பூட்டியிருந்தார்கள். தேய்ந்தால் கிராஸை மாற்ற முடியாது, ஷாஃப்டையே மாற்ற வேண்டும். ஐம்பதாயிரம் கிலோமீட்டரைத் தொடுவதற்குள் மூட்டை இழந்தவர்கள் இருக்கிறார்கள். முந்தைய தலைமுறையின் எண்ணெயில் குளித்த மூட்டுகளோ அதைப் போலப் பல மடங்கு தூரம் ஓடின. பின்னர் வந்த ஆர்1100, ஆர்1150 வண்டிகளில் ஷாஃப்ட் இரண்டு துண்டாக, ஸ்பிளைனில் கோத்து மாட்டும்படி வந்தது. அங்கே இன்னொரு கண்ணி. கோக்கும்போது ஒரு சில பல் தள்ளிக் கோத்துவிட்டால் முன் கவையும் பின் கவையும் ஒரே தளத்தில் இருக்காது. குளறுபடியைத் திருத்த வேண்டிய இரண்டாவது மூட்டு அதைப் பெருக்கத் தொடங்கிவிடும். கழற்றுவதற்கு முன் இரண்டு துண்டின் மேலும் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுவது அரை நிமிட வேலை. அந்தக் கோட்டைப் போடுகிறாரா என்று பார்த்தே ஒரு மெக்கானிக்கை நம்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்துவிடலாம்.

இதற்கு நேர் எதிர்த் துருவத்தில் ரஷ்யாவின் உரால் நிற்கிறது. 1938இன் ஆர்71 வண்டியை அடியொற்றிச் சோவியத் நாட்டில் பிறந்த எம்-72இன் வாரிசு. கியர்பாக்ஸ் பக்கம் ரப்பர் வட்டு, சக்கரத்தின் பக்கம் யூனிவர்சல் ஜாயின்ட், அதில் ஒரு கிரீஸ் நிப்பிள். நாகரிகம் குறைந்த வண்டி என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நானும் அதன் கியர் மாற்றும் சத்தத்தைப் பாராட்டப் போவதில்லை. ஆனால் அந்த நிப்பிளுக்கு ஒரு வணக்கம். மோட்டோ குஸியின் வி11 வண்டிகளிலும் நிப்பிள் வைத்தார்கள். முன் மூட்டின் நிப்பிளுக்குக் கிரீஸ் கன் எட்டவைக்கப் பெரும் பாடு என்றாலும், வைத்தார்களே.

கிரீஸ் அடிப்பதைப் பார்க்க வேண்டுமானால் நெடுஞ்சாலையோர லாரி சர்வீஸ் நிலையமே சிறந்த பள்ளிக்கூடம். அங்கே வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் கிரீஸ் அடிக்கிற பையன் முதலில் நிப்பிளைத் துணியால் துடைக்கிறானா என்று பாருங்கள். துடைக்காமல் அடித்தால் நிப்பிள் மேல் இருந்த மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறான். கை கன்னால் மெதுவாக அமுக்க வேண்டும். கிராஸின் கால்களுக்குள் துளைகள் இருக்கின்றன. கிரீஸ் நடுவிலிருந்து அவற்றின் வழியே நான்கு கப்புகளுக்கும் போய், பழைய கறுத்த கிரீஸைச் சீலின் விளிம்பு வழியாக வெளியே தள்ளும். நான்கிலும் புது நிறம் எட்டிப்பார்த்தால் முடிந்தது. மூன்றில் வந்து நான்காவதில் வராவிட்டால், சக்கரத்தைச் சற்று உருட்டி, அந்தக் காலின் மேல் உள்ள பாரத்தை நீக்கி, மறுபடி அமுக்க வேண்டும். அப்போதும் வராத கப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். கம்பிரஸரில் ஓடும் கன் சீலைக் கிழித்துவிடும், பைக்கின் சின்ன மூட்டுக்கு அது ஆகவே ஆகாது. எந்தக் கிரீஸ் என்பதிலும் குழப்பம் நிறைய. ஸ்பிளைன்களுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு நிறைந்த கறுப்புப் பேஸ்ட் வேண்டும். ஹோண்டா தன் ஷாஃப்ட் வண்டிகளின் ஸ்பிளைன்களுக்குச் சொன்னது 60 சதவீதப் பேஸ்ட். வழுக்கி உரசும் பற்களுக்கு அது உயிர். நீடில்களுக்கு அதைத் திணிக்கக் கூடாது. அவை உருள வேண்டும், அவற்றுக்கு நல்ல லித்தியம் ஈ.பி. கிரீஸ் போதும்.

பாராலீவர் ஷாஃப்டுகளைத் தூக்கி எறிய மனமில்லாதவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு சின்னத் தொழிலையே உண்டாக்கிவிட்டார்கள். நசுக்கிய உலோகத்தை மில்லிங் மெஷினில் கடைந்து எடுத்து, பழைய கிராஸைப் பிரஸ்ஸில் தள்ளி வெளியேற்றி, கவையின் துளைக்குள் சர்க்ளிப்புக்குப் பள்ளம் வெட்டிப் புதுக் கிராஸ் மாட்டுகிறார்கள். பார்க்கப் பார்க்கச் சலிக்காத வேலை. கப்பைப் பிரஸ்ஸில் அழுத்தும்போது உள்ளே ஒரு நீடில் சாய்ந்து அடியில் படுத்துவிட்டால் கப் முழுதாக இறங்காது. சர்க்ளிப்பின் பள்ளம் பாதிதான் தெரியும். கை தெரியாதவர் அங்கே சுத்தியலை எடுப்பார். தெரிந்தவர் பேசாமல் கப்பை வெளியே எடுத்து, சாய்ந்த நீடிலை நிமிர்த்தி, கிரீஸால் ஒட்டவைத்து, கவையைச் செங்குத்தாகப் பிடித்து மறுபடி இறக்குவார். நான்கு கப்பும் இறங்கிய பிறகு கிராஸ் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் ஷாஃப்ட் தள்ளாடும். வெவ்வேறு தடிமனில் சர்க்ளிப் வாங்கி வைத்து, மாற்றி மாற்றிப் போட்டு நடுவுக்குக் கொண்டுவருவார்கள். கடைசியில் கவையின் காதுகளைப் பித்தளைச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் கப்புகள் பின்வாங்கிச் சர்க்ளிப்பில் சாய்ந்து உட்காரும். அதுவரை முரண்டு பிடித்த மூட்டு அந்தத் தட்டில் இளகுவது கண்ணுக்கே தெரியும். பிறகு அதே விரல் சோதனை: இடவலம், மேல்கீழ், நடுவில் மெதுவாக.

இப்படித் திருத்தி வரும் ஷாஃப்டுகள் பலவற்றில் புதுக் கிராஸின் நடுவில் ஒரு கிரீஸ் நிப்பிள் இருக்கிறது. பெரிய நிறுவனத்தின் வடிவமைப்பாளர்கள் நீக்கியதைச் சின்னப் பட்டறைக்காரர்கள் திரும்ப வைத்துவிட்டார்கள். மாட்டுகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ரப்பர் உறையைத் தள்ளிவிட்டுச் சக்கரத்தைக் கையால் உருட்டும்போது, அந்த நிப்பிள் கன்னின் வாய்க்கு எட்டும் பக்கமாகத் திரும்பி வருமா என்று ஷாஃப்டை உள்ளே விடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.